நோயாளி ஒருவர், மருந்து வீட்டார் எல்லோருக்கும்

உடல்நலப் பழக்கங்கள் மாறுவதும் மாறாமற் போவதும் எதனால்? குடும்பங்களுக்கான ஒரு பாடம்



வைத்தியர் சொல்லும் புத்திமதி உங்களுக்குப் புதிதல்ல. "சீனியைக் குறையுங்கள். சோற்றைப் பாதியாக்குங்கள். தினமும் அரை மணி நேரம் நடவுங்கள். சிகரெட்டை விட்டுவிடுங்கள்." நோயாளி தலையசைத்துவிட்டு வீடு திரும்புகிறார். உண்மையாகவே மாற வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் திரும்புகிறார்.

ஆறு மாதம் கழித்து மீண்டும் வைத்தியரிடம் போகிறார். இரத்தத்தில் சீனி இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. வைத்தியர் கடிந்துகொள்கிறார். வீட்டார், "சொன்னால் கேட்கிறாரில்லை" என்று முறையிடுகிறார்கள். அவரும் தலைகுனிந்து, "எனக்கு மனவுறுதி போதாது" என்று ஒப்புக்கொள்கிறார். மூன்று தரப்பும் ஒரே தீர்ப்புக்கு வந்துவிட்டன: குற்றவாளி அவர் ஒருவரே.

இந்தத் தீர்ப்பு நீதியானதா? இதுவே இன்றைய பாடத்தின் கேள்வி. விடை பிழைத்தால் வரும் நட்டம் சிறிதல்ல. கட்டுப்படாத நீரிழிவு கண்பார்வையையும் சிறுநீரகத்தையும் கால்களையும் ஓசையில்லாமல் கெடுக்கும். மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் வழி திறக்கும். குடும்பத்தின் உழைப்பாளியை ஐம்பது வயதிலேயே கட்டிலில் சாய்த்துவிடக்கூடிய நோய் இது.

ஊர் மாறினால் உடலும் மாறுகிறது

2005, 2006ஆம் ஆண்டுகளில் வடக்கு, கிழக்கு தவிர்ந்த ஏழு மாகாணங்களில் வைத்திய நிபுணர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். வளர்ந்தோரில் 100க்கு 10 பேருக்குச் சற்று அதிகமானோர் நீரிழிவு உள்ளவர்களாகக் காணப்பட்டார்கள். ஆனால் கிராமப்புறத்தில் அந்த எண்ணிக்கை 100க்கு 8.7 ஆகவும், நகரப்புறத்தில் 16.4 ஆகவும் இருந்தது. ஏறத்தாழ இரண்டு மடங்கு! நகரத்தார் எல்லோரும் மனவுறுதி குறைந்தவர்கள், கிராமத்தார் எல்லோரும் துறவிகள் என்று யாராவது சொல்வார்களா? மனிதர் ஒரே மாதிரியானவர்களே. அவர்களைச் சூழ்ந்த வாழ்க்கைதான் வேறு.

நம்மவரின் அனுபவத்தையே எண்ணிப் பாருங்கள். 1983க்குப் பின்னரும், பிறகு 1990, 1995 இடப்பெயர்வுகளுக்குப் பின்னரும் யாழ்ப்பாணத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நுகேகொடைப் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தன. ஊரில் கிணற்றில் நீர் இறைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் துவிச்சக்கர வண்டியில் போனார்கள். வளவைக் கூட்டினார்கள், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சினார்கள். "உடற்பயிற்சி செய்கிறோம்" என்று ஒருவரும் சொல்லிக்கொண்டதில்லை. செய்யாமல் வாழ முடியாதிருந்தது, அவ்வளவுதான்.

இங்கே வந்ததும் குழாயைத் திருகினால் தண்ணீர். நாலாம் மாடிக்கு மின்தூக்கி. சந்திக்குப் போக ஓட்டோ. வளவு இல்லை, கூட்டுவதற்கு வரவேற்பறை மட்டுமே உண்டு. ஆனால் கோப்பையில் போடும் சோற்றின் அளவு மாறவில்லை. தேநீருக்குச் சீனி போடும் கையும் மாறவில்லை. தோட்டக்காரனின் சாப்பாட்டை எழுதுவினைஞரின் நாற்காலியில் இருந்துகொண்டு சாப்பிடுகிறோம். இதில் ஒருவருடைய மனவுறுதியும் குறையவில்லை. உடலுழைப்பு மாத்திரம் சொல்லாமல் விடைபெற்றுப் போய்விட்டது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1960களில் தொடங்கிய புகழ்பெற்ற ஓர் ஆய்வு, யப்பானில் வாழும் யப்பானியரையும், ஹவாயில் குடியேறியவர்களையும், கலிபோர்னியாவில் குடியேறியவர்களையும் ஒப்பிட்டது. இதயநோய் யப்பானில் ஆகக் குறைவு, ஹவாயில் நடுத்தரம், கலிபோர்னியாவில் ஆகக் கூடுதல். ஒரே இனம், ஒரே மூதாதையர். 1976இல் வெளியான அறிக்கை இன்னுமொரு உண்மையைச் சொன்னது. கலிபோர்னியாவில் இருந்தும் தமது சமூகத்தோடு நெருங்கிய உறவைக் காத்துக்கொண்டவர்களுக்கு இதயநோய் யப்பானில் உள்ளதைப் போலவே குறைவாக இருந்தது. அந்த உறவுகளை முற்றாக இழந்து புதிய வாழ்க்கையில் கரைந்துபோனவர்களுக்கு அது மூன்று முதல் ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. உணவும் புகையும் மட்டும் இந்த வேறுபாட்டை விளக்கப் போதவில்லை. சூழல் என்னும்போது சோறும் சீனியும் மாத்திரமல்ல, நம்மோடு இருக்கும் மனிதரும் அதில் அடக்கம்.

இந்தச் சூழலை நாம் நான்கு வட்டங்களாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் வட்டம்: ஆளும் அவருடைய பழக்கமும்

பழக்கம் என்பது யோசிக்காமல் செய்யும் செயல். ஒவ்வொரு பழக்கத்துக்கும் அதை எழுப்பிவிடும் ஓர் அடையாளம் உண்டு. அலுவலகத்தில் மணி பத்தானால் தேநீர்; தேநீர் என்றால் அதனோடு ஒரு றோல்ஸ். பஸ் நிலையத்தில் நின்றால் சிகரெட். தொலைக்காட்சியில் நாடகம் தொடங்கினால் மிக்சர் பை. பசியோ ஆசையோ வருமுன்பே கை நீண்டுவிடுகிறது.

ஆகவே "இனிச் சாப்பிடமாட்டேன்" என்று சபதம் செய்வதைக் காட்டிலும், அந்த அடையாளத்தை மாற்றுவது பயன் தரும். பத்து மணிக்கு வேறொருவரோடு ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம். மிக்சர் பையை வீட்டுக்கு வாங்காமலே விடலாம்.

பொறுமையும் வேண்டும. இலண்டனில் 96 பேரைக் கொண்டு நடத்தி வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, புதிய செயலொன்று தன்னியல்பாக வருவதற்குச் சராசரியாக 66 நாட்கள் எடுத்தன. சிலருக்கு 18 நாட்கள் போதுமாயிருந்தன; சிலருக்கு 250 நாட்களுக்கும் மேல் தேவைப்படும் என்று கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைத் தரவில்லை. எனவே இரண்டு வாரத்தில் தளர்ந்தவர் தோற்றவரல்ல. அவர் பாதி வழிக்கும் இன்னும் வந்து சேரவில்லை என்பதே பொருள்.

இரண்டாம் வட்டம்: வீடு

தந்தைக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். மேசையில் மற்றவர்களுக்குக் கோழிப் பொரியலும் வெள்ளைச் சோறும். அவருக்கு மாத்திரம் ஓரமாக ஒரு கிண்ணத்தில் குரக்கன் புட்டும் பாகற்காயும். பிள்ளைகள் சோடாப் போத்தலைத் திறக்கிறார்கள். "அப்பாவுக்குக் கூடாது" என்று தாய் தடுக்கிறாள். ஒவ்வொரு வேளையும் அவர் தனித்து வைக்கப்படுகிறார். சில வாரம் பொறுத்துக்கொள்வார். பிறகு சந்திக் கடையில் ஒளித்துச் சாப்பிடத் தொடங்குவார். ஒளித்துச் சாப்பிடுவதை அளந்து சாப்பிடுபவர் யார்?

தாய்க்கு நோய் வந்தால் நிலைமை இன்னும் மோசம். கணவனுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று சமைத்துக் களைத்தவளுக்குத் தனக்கென்று மூன்றாவதாக ஒன்றைச் சமைக்க நேரமுமில்லை, மனமுமில்லை. எல்லோரும் சாப்பிட்ட பின், "வீணாகப் போகக்கூடாது" என்று மிச்சத்தைச் சாப்பிடுகிறாள். நடப்பதற்கு நேரம் எங்கே? தந்தைக்கு நோய் வந்தால் வீடு பத்தியம் காக்கிறது. தாய்க்கு நோய் வந்தால் அவள் மட்டுமே மாத்திரை விழுங்குகிறாள். நம் குடும்பங்களில் இப்படி நடப்பதில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

அமெரிக்காவில் பிராமிங்காம் என்னும் ஊரில் 12,067 பேரை 1971 முதல் 2003 வரை தொடர்ந்து கவனித்த குறிப்புகள் உள்ளன. அவற்றை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையொன்று, கணவனோ மனைவியோ புகைப்பதை விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 வீதம் குறைந்தது என்றும், நண்பர் விட்டால் 36 வீதம் குறைந்தது என்றும் கூறியது. ஒத்த குணமுடையவர்களே ஒன்றுசேர்கிறார்கள், ஆகவே முழுப் பெருமையையும் உறவுக்கே கொடுத்துவிட முடியாது என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த மறுப்பைக் கணக்கில் எடுத்தாலும், ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் மாறுவது கடினம், இருவர் சேர்ந்து மாறுவது இலகு என்பது நம் வீடுகளும் அறிந்த உண்மை.

மூன்றாம் வட்டம்: உறவும் நட்பும் பங்கும்

தமிழன் வீட்டில் விருந்தோம்பல் ஒரு புண்ணியம். ஆனால் அந்தப் புண்ணியமே சில வேளைகளில் நோயாளிக்குச் சோதனையாகிவிடுகிறது. "ஒரு துண்டு கேக் எடுங்கோ, ஒரு நாளைக்கு ஒன்றும் செய்யாது" என்கிறோம். அவர் மறுத்தால், "எங்கட வீட்டில் கை நனைக்கமாட்டீங்களோ?" என்று மனம் நோகிறோம். அந்த வாரத்தில் ஒரு பிறந்தநாள், ஒரு திருமணம், ஒரு முப்பத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை பங்கு மண்டபத்தில் ஒரு கூட்டம். "ஒரு நாள்" நான்கு நாளாகிவிடுகிறது.

பங்கு மண்டபத்தையே பாருங்கள். கூட்டம் எதுவானாலும் றோல்ஸ், பற்றீஸ், கேக், சீனி நிறைந்த தேநீர். சீனியில்லாத தேநீர் வேண்டுமென்றால் அதைக் கேட்டுப் பெறவேண்டும். கேட்பவர் எல்லோருக்கும் முன்னால் தமது நோயை அறிவிக்க வேண்டும். பெரும்பாலானோர் கேட்பதில்லை. தருவதைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். மதுவிலும் இதே கதைதான். விட முயல்பவருக்கு மதுவைக் காட்டிலும் பெரிய தடை, "என்ன மச்சான், இன்றைக்கு மட்டும்" என்னும் நண்பனின் குரல்.

கெடுதலுக்கு வழியாகும் இதே உறவு நன்மைக்கும் வழியாகும் என்பதை நம் நாட்டின் வரலாறே காட்டுகிறது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன்பின் மருத்துவமாதர் கிராமம் கிராமமாக, வீடு வீடாகப் போனார்கள். 1930களில் ஓர் இலட்சம் பிள்ளைப்பேற்றுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்த நாடு இது. இன்று அந்தத் தொகை சில பத்துக்களாகச் சுருங்கிவிட்டது. மருந்துகளும், வைத்தியசாலைகளும், கல்வியும் இதற்குக் காரணமாயின. ஆனால் பெயர் சொல்லி அழைத்து, அடுப்பங்கரை வரை வந்து, மாமியாரிடமும் பேசி, அடுத்த மாதமும் திரும்பி வந்த ஒரு பெண்ணின் பங்கை யாரும் மறுக்க முடியாது. அவள் தாய்க்கு மட்டும் புத்தி சொல்லவில்லை. தாயைச் சூழ்ந்த வீட்டையே மாற்றினாள்.

நான்காம் வட்டம்: தெருவும் கடையும் சட்டமும்

வெள்ளவத்தையில் வசிப்பவருக்குக் கடற்கரையோரமாக மரைன் டிரைவ் இருக்கிறது. நுகேகொடையில் இருப்பவர் நகர ஈரநிலப் பூங்காவுக்கோ நாவலப் பக்கத்து நடைபாதைக்கோ போகலாம். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கையில், ஓர் அறையில் ஆறு பேர் வாழும் வீட்டார் எங்கே நடப்பது? நடக்க இடமிருந்தாலும் இருட்டியபின் ஒரு பெண் தனியே போகலாமா? "நடவுங்கள்" என்னும் ஒரே சொல் மூவருக்கும் மூன்று விலையாகிறது.

விலையென்றதும் 2022ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருட்களின் விலை முந்திய ஆண்டைவிட 94.9 வீதம் உயர்ந்திருந்தது. மீனும் பருப்பும் மரக்கறியும் கோப்பையிலிருந்து குறைந்தன. வயிற்றை நிரப்பச் சோறும் பாணும் மிஞ்சின. ஏழைக்கு, "பழம் சாப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது சுகாதாரப் போதனையாகாது.

சட்டமும் ஒரு சூழலே. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், புகையிலை, மதுபான விளம்பரங்களைத் தடைசெய்தது. 21 வயதுக்குட்பட்டோருக்கு அவற்றை விற்பதைக் குற்றமாக்கியது. மூடிய பொது இடங்களில் புகைப்பதை நிறுத்தியது. அதற்குமுன் அலுவலகத்திலும் சாப்பாட்டுக் கடையிலும் புகைத்தவர்கள் எழுந்து வெளியே போகவேண்டியதாயிற்று. 2016 ஓகஸ்ட் முதல் மென்பானப் போத்தல்களில் நிற அடையாளம் கட்டாயமானது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டதற்கு மஞ்சள். எழுதப் படிக்கப் பழகும் பிள்ளையும் நிறத்தை அறியும். அடுத்த தடவை கடையில் உங்கள் பிள்ளையிடமே போத்தலைக் கொடுத்து, "என்ன நிறம்?" என்று கேளுங்கள்.

மாற முடியும் என்பதற்குச் சான்று

சூழல் இவ்வளவு பலமானதென்றால் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? உண்டு. சென்னையில் வைத்தியர் அ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் நீரிழிவு வரும் தறுவாயில் இருந்த 531 பேரைத் தெரிந்து, மூன்றாண்டு காலம் கவனித்தார்கள். முடிவு 2006இல் வெளியானது. வழமையான புத்திமதியோடு விடப்பட்டவர்களில் 100க்கு 55 பேர் நோயாளராயினர். உணவு, நடை பற்றித் தொடர்ந்து நேரிலும் தொலைபேசியிலும் வழிநடத்தப்பட்டவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. பின்னர் வேலைக்குப் போகும் ஆண்களுக்குக் கைத்தொலைபேசியில் சிறு செய்திகளை இரண்டாண்டு காலம் அனுப்பிப் பார்த்து, முடிவை 2013இல் வெளியிட்டார்கள். அதுகூட நோய் வருவதை 36 வீதத்தால் குறைத்தது. "உன்னை ஒருவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்" என்று தெரிவதற்கே இவ்வளவு பலன்!

நம் கொழும்பிலும் இளவயதினர் 4,600 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்ட ஓர் ஆய்வு 2017இல் வெளியாயிற்று. ஆண்டுக்கொருமுறை ஆலோசனை பெற்றவர்களைவிட, மூன்று மாதத்துக்கொருமுறை பெற்றவர்களிடம் நோய்க்கு முன்னோடியான குறைபாடுகள் குறைவாகத் தோன்றின. வேறுபாடு பெரிதல்ல, ஆனால் உண்மையானது. ஒருமுறை சொல்லிவிட்டுப் போவதற்கும் திரும்பத் திரும்ப வந்து கேட்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

அப்படியானால் நோயாளிக்குப் பொறுப்பில்லையா?

இக்கேள்வி நியாயமானது. "எல்லாம் சூழலின் குற்றம்" என்று சாய்ந்து இருந்துவிட ஒருவருக்கும் அனுமதியில்லை. மாற்கு நற்செய்தியில் வரும் திமிர்வாதக்காரரை நினைவுகூருங்கள். அவரால் தாமாக ஆண்டவரிடம் போக முடியவில்லை. நால்வர் தூக்கிச் சென்றார்கள். கூட்டம் வழிவிடாதபோது கூரையைப் பிரித்து இறக்கினார்கள். ஆனால் எழுந்து, தம் படுக்கையைத் தாமே எடுத்துக்கொண்டு நடந்தவர் அவரே. நால்வரின் வேலையை அவரால் செய்ய முடியாது. அவருடைய வேலையை நால்வராலும் செய்ய முடியாது. நம் வீட்டு நோயாளியிடம் "எழுந்து நட" என்று சொல்வதற்குமுன், நாம் கூரையைப் பிரித்தோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் இன்றே தொடங்கக் கூடியவை

1. ஒரே சமையல். நோயாளிக்கென்று தனிச் சட்டி வைக்காமல், எல்லோருக்கும் ஏற்ற உணவைச் சமையுங்கள். தவிட்டரிசி, கீரை, பருப்பு, மீன், மரக்கறி ஆகியன பிள்ளைகளுக்கும் நல்லவை. கோப்பையில் பாதியை மரக்கறி நிரப்பட்டும்.

2. சீனிப் போத்தலை மேசையிலிருந்து எடுங்கள். நாளொன்றுக்கு 25 கிராம், அதாவது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டிக்குள் நிறுத்துவது நல்லதென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மூன்று கரண்டி வீதம் நான்கு தேநீர் குடிப்பவர் பன்னிரண்டில் நிற்கிறார். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்கும் பழகிக்கொள்ளும்.

3. தனியே அனுப்பாதீர்கள். வாரத்துக்கு 150 நிமிட நடை போதும். மகனோ மகளோ அயலவரோ கூடப் போகட்டும். தாய் நடக்கும் நேரத்தில் அடுப்பைத் தந்தை பார்த்துக்கொள்ளட்டும்.

4. தவறிய நாளில் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்தால் மறைப்பார், மறைத்தால் உங்களால் உதவ முடியாது.

5. பரிசோதனைக்குக் குடும்பமாகப் போங்கள். 35 வயது கடந்தவர்களுக்கு இரத்த அழுத்தம், சீனி, உடல் எடை ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கும் நிலையங்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் இயங்குகின்றன. இடத்தையும் நாளையும் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறியலாம்.

ஓர் எச்சரிக்கை: நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ பெறுபவர்கள் தவக்காலத்திலும் வைத்தியரைக் கேளாமல் ஒருசந்தி இருக்கவோ, மருந்தை நிறுத்தவோ கூடாது. நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு.

பங்கிலும் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். மண்டபத்தில் தேநீரைச் சீனியில்லாமல் ஊற்றி, சீனியைப் பக்கத்தில் வையுங்கள். வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். அப்போது சீனி கேட்பவர்தான் கை நீட்டவேண்டும். நோயாளி வாய் திறக்க வேண்டியதில்லை. கேக்கோடு ஒரு தட்டில் பப்பாசியும் வாழைப்பழமும் இருக்கட்டும். இதற்குத் தீர்மானமும் வேண்டாம், குழுவும் வேண்டாம். தேநீர் ஊற்றுபவர் மனம் வைத்தால் அடுத்த ஞாயிறே நடக்கும்.

குடும்பமாகச் சிந்திக்க

இன்றிரவு செபமாலை முடிந்தபின் பத்து நிமிடம் ஒதுக்கி, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அ. நம் வீட்டில் யாருக்கு எந்த நோய்? அவருக்காக நாம் ஒவ்வொருவரும் இதுவரை எதை மாற்றினோம்?

ஆ. நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? அவர் என்ன சாப்பிடுகிறார்?

இ. கடந்த மாதம் யாருக்காவது, "ஒரு நாளைக்கு ஒன்றும் செய்யாது" என்று சொல்லி வற்புறுத்தினோமா?

ஈ. அடுத்த அறுபத்தாறு நாட்களுக்கு நாம் எல்லோரும் சேர்ந்து மாற்றக்கூடிய ஒரே ஒரு பழக்கம் எது?

நான்காம் கேள்விக்கு விடை கிடைத்ததும் அதை ஒரு தாளில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவிலோ சமையலறைச் சுவரிலோ ஒட்டுங்கள். நோயாளியின் பெயரை அதில் எழுதவேண்டாம். வீட்டார் எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள்.